குசினிக்கு ஒரு ஜன்னல்

பழைய வீடு வாங்கித் திருத்தி விற்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் தங்கை ஸப்னா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. "ராத்தா, ஒங்களுக்கே ஒரு வீடில்ல. நீங்க மத்த ஆக்களுக்கு வீடு விக்கப் போறீங்களா?" என்றாள். அதைக் கேட்டபோது அவள் உட்கார்ந்திருந்தது நான் கட்டிக் கொடுத்த வீட்டில், நான் வாங்கிக் கொடுத்த செற்றியில். எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா மௌத்தாகி, உழைக்க ஆளில்லாமல் போனதும் மூத்தவள் சபூறா, அதாவது நான், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனேன். ஒரு தங்கைக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு அடுத்த வீடு. இரண்டையும் முடித்து நிமிர்ந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மூன்றாவது வீட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. லீவில் ஊருக்கு வந்தால் ஸப்னா வீட்டு ஹோலில் எனக்கு ஒரு பாய். மச்சான் வேலை முடிந்து வரும் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு பாயைச் சுருட்ட வேண்டும்.

கடைசியாகக் கொண்டுவந்த காசுக்கு, சாய்ந்தமருதின் மேற்கே, வயலோரத்தில் ஒரு வீட்டை வாங்கினேன். அதை விற்றால் அடுத்ததை வாங்கலாம், ஊரிலேயே இருந்துவிடலாம். விற்காவிட்டால் திரும்பவும் குவைத். என்னிடம் வேறு யோசனை இல்லை.

வீட்டைக் காட்டியவர் புரோக்கர் பளீல் காக்கா. "புதுசாப் பெயின்ற் அடிச்ச வீடு புள்ள. நீ கை வைக்கவே தேவல்ல" என்றார். விற்கிறவர்கள் எதற்காகப் புதுசாகப் பெயின்ற் அடிக்கிறார்கள் என்பது முதல் மழையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சுவர் நெடுக உப்புப் பூத்தது. பூச்சு அப்பளம் மாதிரிக் கழன்று விழுந்தது. கூரை மரத்தைத் தட்டினால் உள்ளே கறையான் குடும்பம் நடத்துகிறது. அதுகளுக்காவது ஒரு வீடு இருந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் நான் தரைக்கு டைல்ஸ் பதித்து முடித்திருந்தேன். காரைதீவிலிருந்து வந்த மேசன் ஜதுசன் தலையில் கை வைத்தார். "கூரை வேல முடியாம ஆரும் டைல்ஸ் போடுவாங்களா அக்கா? இதுக்குக் கீழ போற பைப்பும் ஓட்ட." போட்ட டைல்ஸை உடைத்துப் பைப்பை மாற்றி, கூரையைக் கழற்றி, மறுபடி டைல்ஸ் வாங்கினேன். கடைக்காரன் என்னைக் கண்டால் கதிரை எடுத்துப் போடும் அளவுக்கு அங்கே போய்வந்தேன்.

சாமான்களுக்குக் காவல் வைக்க வசதியில்லாமல் நானே அங்கே குடிபோனேன். அந்த நாட்களில்தான் அந்தப் பைத்தியக்கார வேலையைச் செய்தேன். குசினியின் மேற்குச் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் ஒன்று வைக்கச் சொன்னேன்.

"இதுக்கு வாங்குறவன் ஒரு சதம் கூடத் தர மாட்டான் அக்கா" என்றார் ஜதுசன்.

"வைங்க எண்டா வைங்க."

குவைத்தில் நான் நின்ற குசினி ஒன்றிலும் ஜன்னல் இருந்ததில்லை. அடுப்பு, சுவர், மறுபடியும் அடுப்பு. வெளியே வெயிலா மழையா என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. இங்கே அடுப்படியில் நின்றால் மாவடிப்பள்ளிப் பக்கம் வரைக்கும் வயல் தெரிந்தது. உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் நடந்து போயின. நான் ஒரு சுண்டு அரிசி போட்டு எனக்கு மட்டும் சோறாக்கினேன். எனக்கு மட்டும் என்று நான் சமைத்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிவிட்டது, ஆனால் கொடுக்க ஆளில்லை. பின்னேரங்களில் ஜன்னலோடு கதைக்கத் தொடங்கினேன். வாய் துருப்பிடித்துவிடக் கூடாதல்லவா!

வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இது ஆருக்குக் கட்டின வீடு?"

"விக்கிறதுக்கு."

"அப்ப நீங்க எங்க போவீங்க?"

நான் டைல்ஸைக் காட்டத் தொடங்கிவிடுவேன். போகும்போது சிலர், கேட்கட்டும் என்றே வாசலில் நின்று சொன்னார்கள். "தனிச்ச பொம்புள இருந்த வீடு. நம்மட புள்ளக்கு ராசி வருமா?" அன்றைக்கெல்லாம் அடுப்பு மூட்டவே மனம் வரவில்லை. குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

அப்படியிருக்க ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு பளீல் காக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ஆதம்பாவா. ஐம்பது வயதிருக்கும். ஒலுவில் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். அதுவே எனக்குப் பிடித்துப் போனது. மற்றவர்கள் சேற்றோடு என் டைல்ஸில் நடந்தவர்கள். ஜதுசன் வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றேன்.

அவர் அவசரப்படவில்லை. குழாயைத் திறந்து தண்ணியை வாயில் விட்டுப் பார்த்தார். மாரியில் வெள்ளம் வருமா என்று கேட்டார். கடைசியாக என் ஜன்னலடிக்கு வந்து நின்றார்.

"இஞ்ச நிண்டு சமைச்சா களைப்பே தெரியாது" என்றார்.

அந்த ஜன்னலைப் பார்த்து அப்படி ஒருவர் சொல்வதற்காகவே இவ்வளவு நாளும் காத்திருந்தேன் போல இருந்தது. இந்த மனிசனுக்கென்றால் விலையைக் குறைக்கலாம் என்று மனம் தானாகவே இறங்கியது.

"ஒங்களுக்கு வருத்தம் ஒண்டும் இல்லயே? சீனி, பிறசர்?" என்று கேட்டார்.

வீட்டுக்கும் என் சீனிக்கும் என்ன சம்பந்தம்? "இல்ல" என்றேன்.

"திரும்ப வெளிநாட்டுக்குப் போற எண்ணமிருக்கா?"

"இந்த வீடு வித்தாப் போக மாட்டன்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை ஜன்னல் கட்டில் வைத்தார். "விக்கிறதா? இந்த வீட்டயா?" என்று பளீல் காக்காவைப் பார்த்தார். பளீல் காக்கா வீடும் பார்க்கிறவர், கல்யாணமும் பேசுகிறவர் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் அந்த நேரம் நினைவு வரவில்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "வீடிருக்கு, பொண்ணும் இருக்கு. என்னத்துக்கு புள்ள விக்கோணும்? சொன்னா நீ வேணாம் எண்டுவாய், அதான் கதைக்கல்ல" என்றார்.

அடப்பாவி மனிசா! எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. கோபமும் வந்தது. பொய் சொல்வானேன், சந்தோசமும் வந்தது. இத்தனை வருசத்தில் என்னைக் கேட்டு ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

ஆதம்பாவா குனிந்த தலையோடு தன் கதையைச் சொன்னார். மனைவி மௌத்தாகிவிட்டா. இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்தாயிற்று. மருமகனுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று ஐஸ் கடைக்குள்ளேயே படுக்கிறார். கேட்கக் கேட்க என் பாயும் ஸப்னா வீட்டு ஹோலும்தான் கண்ணுக்குள் வந்தன.

"வீட்டை வித்திட்டு, வாடகைக்கு ஒரு அறை எடுத்து நான் இருந்தா வருவீங்களா?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே நம்ப முடியவில்லை. "இத வச்சுத்தான் நான் ஊருல பிழைக்கோணும். விக்காட்டி திரும்பவும் நான் குவைத்துல, நீங்க இந்த வீட்டுல."

அவர் டைல்ஸைப் பார்த்தபடியே, "எனக்கும் படுக்க ஒரு இடம் வேணும் புள்ள" என்றார். "வீடில்லாம எப்படி?"

அவர் மோசமான ஆள் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. வீட்டைப் பார்த்த அளவுக்கு அவர் என்னைப் பார்க்கவேயில்லை என்பது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னலடியில் நின்று அழுதேன். ஜதுசன் கண்டும் காணாதவராக அடித்த சுவருக்கே திரும்பவும் பெயின்ற் அடித்தார்.

அடுத்த மாதம் சித்தி லைலா என்றொரு தாய் தன் மகளுக்காக வந்தா. ராசி கீசி என்று ஒன்றும் கேட்கவில்லை. விலை கூடப் பேசி முடிந்தது. ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றா.

"இந்த ஜன்னல மூடித் தாங்க. குசினிக்குள்ள நிக்கிற புள்ளய வயலுக்குப் போற வாறவனெல்லாம் பாக்கிறதா? அந்த இடத்துல அலுமாரி வைக்கலாம்."

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஜதுசன் கல் அடுக்கும்போது நான் கிட்ட நிற்கவில்லை. முன்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாவியைக் கொடுத்துவிட்டு ஸப்னா வீட்டுக்குப் போனேன். "ராத்தா, லாபமா?" என்றாள். லாபம்தான், நான் குவைத்துக்குப் போகாத அளவுக்கு லாபம் என்றேன். பிறகு பாயை விரித்தேன்.

இப்போது மருதமுனையில் இன்னொரு வீடு வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை மழைக்காலத்தில் பார்த்து, கூரை மரத்தைத் தட்டி வாங்கினேன். டைல்ஸ் கடைசியாகத்தான். நேற்று ஜதுசன் குசினிச் சுவருக்கு முன்னால் சுத்தியலோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதுல ஜன்னல் வேணாம்தானே? வாங்குறவங்க மறுகா மூடச் சொல்லுவாங்க."

"சொன்னா மூடுவம்" என்றேன். "இப்ப உடைங்க. அது வரைக்கும் சமைக்கப் போறது நான்தானே."