வர்ஷா பேசறேன்ங்க

"வணக்கம்ங்க. நான் வர்ஷா பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாம்ங்களா?"

மாசிலாமணியின் போன் ஸ்பீக்கரில் வந்த அந்தக் குரலைக் கேட்டதும் சவுரிராயன் கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது.

அது அவன் மனைவி அன்புச்செல்வியின் குரல். டெங்குவில் போனவளைத் திண்டிவனம் கல்லறையில் அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது.

வானூரிலிருந்து பைக் சர்வீசுக்கு வந்திருந்த மாசிலாமணி போனைப் பார்த்துக் கத்தினார். "ஏய், தெனம் தெனம் பேஜாரு பண்ற? உன் தண்ணி சுத்தம் பண்ற மிஷின நீயே வச்சிக்க. வைடி போன!"

"மன்னிக்கணும் சார். வேற எப்பக் கூப்பிடலாம்ங்க?"

'ங்க'வுக்கு முன்னால் மூச்சை லேசாக உள்ளே இழுத்துக்கொள்வது. அதுவும் அவளுடையதுதான்.

சவுரிராயன் போனைப் பிடுங்கினான். "செல்வி!"

"நீங்க சொன்னது சரியாக் கேக்கலைங்க. திரும்பச் சொல்ல முடியுங்களா?"

"இன்னாய்யா நீ, எம் போனப் புடுங்கிக்கினு?" மாசிலாமணி சிரித்தார். "அது கம்ப்யூட்டருய்யா. அத்தப் போயி பேர் சொல்லிக் கூப்புடற?"

மறுநாள் சாயங்காலம் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது வீட்டிலேயே போன் அடித்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவனிடம் மகள் ரோஜா ஓடி வந்தாள். ஒண்ணாவது படிக்கிறவள்.

"அப்பா, அம்மா போன் பண்ணுச்சி! வீட்ல தண்ணி நல்லா வருதான்னு கேட்டுச்சி. நாளைக்கும் பேசறேன்னு சொல்லுச்சி."

சொன்னபடியே பேசியது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று அழைப்புகள் கூடிக்கொண்டே போயின. ரோஜா பள்ளிக்கூடம் போக மறுத்தாள். சோற்றுத்தட்டுக்கு எதிரே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல் விழுந்ததைச் சொன்னாள். பூனை குட்டி போட்டதைச் சொன்னாள். "ரொம்ப நல்லதுங்க" என்றது குரல். போனைத் தூக்கி ஒளித்து வைத்தபோது பிள்ளைக்கு ஜுரமே வந்துவிட்டது.

தண்ணி மிஷின் கம்பெனியின் புகார் நம்பரைத் தேடிப் பிடித்துப் போட்டான் சவுரிராயன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"வணக்கம்ங்க. நான் வர்ஷா பேசறேன். உங்க புகாரச் சொல்லுங்க."

சட்டென்று போனை வைத்துவிட்டான்.

விழுப்புரத்தில், சென்னை ரோட்டில் இரண்டாவது மாடி. அன்புச்செல்வி வேலை பார்த்த கால் சென்டர். அவன் போய்ப் பார்த்தபோது ஷட்டர் இறங்கி, 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. அவளோடு வேலை பார்த்த அம்சா இப்போது கீழே பேக்கரியில் நின்றாள்.

"எல்லாரையும் அனுப்பிட்டாங்கண்ணா," என்றாள், பன்னுக்கு மேலே மொய்த்த ஈயை விரட்டியபடி. "செல்வி உசுரோட இருக்கும்போதே, டிரெய்னிங்குன்னு ஒரு ரூம்ல மைக் முன்னாடி ஒக்கார வச்சிப் படிக்கச் சொன்னாங்க. சிரிச்சிக்கினே படி, திட்டறவங்ககிட்ட பேசற மாதிரி படின்னு. அவதான் நல்லாப் படிச்சா. ஒரு குக்கர் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நேற்று கூட அதில்தான் சோறு வைத்தான்.

"அவ கொரல எடுத்துக்கறதுக்கு அவ சம்மதிச்சாளா?"

"வேலைக்குச் சேரும்போது போட்ட கையெழுத்துலயே எல்லாம் அடங்கிப் போச்சாம். எனக்கும் அவ கொரல்ல கால் வருதுண்ணா. எங்க வேலைக்கெல்லாம் வேட்டு வச்சது அந்தக் கொரல்தான்னு தெரியும். கட் பண்ண மனசு வரல."

"எம் பொண்ணு கெட்டுப் போறா அம்சா. நிறுத்தணும்."

"நெறைய பேசனா, மிஷின் வாங்கற பார்ட்டின்னு நெனச்சிக்கினு இன்னும் கூப்புடும். ஒம்போது அமுக்கினா அந்த நம்பருக்கு வராது. ஆனா நீ அமுக்காத. அம்மாவ நீ தொரத்திட்டன்னு புள்ள சாவறவரைக்கும் நெனைக்கும். பாப்பாவையே அமுக்க வையி."

சொல்லிவிட்டாள். எப்படி அமுக்க வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. ரோஜா பாய்ந்தாள். அவன் அவளை மடியில் உட்கார வைத்து ஸ்பீக்கரைப் போட்டான்.

"வணக்கம்ங்க. நான் வர்ஷா..."

"பாப்பா," என்றான் சவுரிராயன். "உம் பேரு இன்னான்னு கேளு."

"போப்பா, அம்மாவுக்குத் தெரியாதா?"

"சும்மா கேளேன்."

ரோஜா போனில் வாயை ஒட்டி வைத்துக்கொண்டாள். "அம்மா, எம் பேரு இன்னா?"

அந்தப் பக்கம் மூச்சு உள்ளே இழுபட்டது.

"நீங்க எங்களுக்கு ரொம்ப முக்கியமான வாடிக்கையாளருங்க."

"அது இல்ல. எம் பேரு."

"மன்னிக்கணும். அந்த விவரம் எங்ககிட்ட இல்லைங்க."

ரோஜா போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்தது.

"அப்பா, இது அம்மா இல்ல. அம்மா மாதிரி யாரோ பேசிக்கினு உள்ள ஒக்காந்திருக்காங்க. பயமா இருக்குப்பா. நிறுத்து."

"ஒம்போது அமுக்கும்மா."

சின்ன விரல் தயங்காமல் அமுக்கியது.

"உங்க எண்ண நீக்கிட்டோம். நன்றிங்க."

அவ்வளவுதான். திங்கட்கிழமை ரோஜா தானே புத்தகப்பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். பூனைக்குட்டிகளுக்குப் பெயர் வைத்தாள். தூக்கத்தில் கூட அம்மாவைக் கூப்பிடவில்லை. வீடு பழையபடி ஆனது.

சவுரிராயன்தான் ஆகவில்லை. போன் சும்மா கிடந்தது. பைக் எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

அடுத்த வாரம் ஒருநாள், திண்டிவனம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரே ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்தான்.

"போன் நம்பர் சொல்லுங்க சார்," என்றாள் பில் போடும் பெண்.

"இங்க குடுத்தா எங்கெல்லாம்மா போவும்?"

"கோச்சிக்காதீங்க சார், வேணான்னா வேணாம். ஆஃபர் கால்தான் வரும்."

"தண்ணி மிஷின் கம்பெனிக்குப் போவுமா?"

"எல்லாத்துக்கும் போவும் சார்," என்று சிரித்தாள். "அதுக்குத்தான் எல்லாரும் சண்ட போடறாங்க."

காலையில் வாங்கிய புது சிம்மின் நம்பரை, ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னான். அவள் தட்டியதை எட்டிப் பார்த்துச் சரிபார்த்தான்.

"எப்பம்மா கூப்புடுவாங்க?"