ஊறாத சீலிங்

கேட்டின் கொண்டி சத்தம் கேட்டதும் சௌந்தரம் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்பை உள்ளறைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். நிரப்பி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

செம்மண்டலம் வீட்டு முன்னறைச் சீலிங்கில் பழைய சொரசொரப்புப் பூச்சு. ஒரு காலத்து மோஸ்தர்; இப்போது ஒட்டடையின் குடியிருப்பு. அதைச் சுரண்டி, பட்டி பார்த்து வழவழப்பாக்கி, பெயின்ட் அடிக்க வேண்டும். "நாங்க வர்றதுக்கு முன்னாடி தண்ணி அடிச்சி ஊற வைங்கம்மா. காஞ்சிருந்தா சுரண்டற தகடு ஏறாது" என்று பெயின்டர் உத்திராபதி வேலை பேச வந்த அன்றே பம்பைக் கொடுத்துச் சொல்லிவிட்டான். முதல் நாள் ஊற வைத்தாள். பாதி சீலிங் மளமளவென்று உதிர்ந்து விழுந்தது. இந்த வேகத்தில் போனால் நாளையே இவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதோடு பம்பைத் தொடவில்லை.

"ஏணிய நேரா புடிடி" என்று உத்திராபதி மேலிருந்து மனைவி மலர்க்கொடியை அதட்டினான்.

"நேராத்தான் இருக்குது மாமா. நீதான் கோணலா நிக்கற."

"காலையில சோத்துல உப்பு ஜாஸ்தி. தலை சுத்துது."

"தட்ட வழிச்சி தின்னப்ப சுத்தலியா?"

மலர்க்கொடியின் பதில் காதில் விழ வேண்டுமென்று சௌந்தரம் அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். டீ பாதியில் ஆறியது. புருஷன் போனபின் இந்த வீட்டில் யாரும் யாரையும் திட்டியதில்லை. சிதம்பரத்திலிருந்து மகள் கயல்விழி போனில் மாத்திரை போட்டாயா என்று கேட்பாள், போட்டேன் என்பாள், அவ்வளவுதான்.

உத்திராபதி கீழே இறங்கினான். "தண்ணி அடிச்சீங்களாம்மா?"

"அடிச்சேனேப்பா."

"அப்ப மேல ஆயில் பெயின்ட் இருக்குது போல, தண்ணிய உள்ள விடல. மிச்சத்துக்கு மேலயே பட்டி வச்சி மூடிடறேன். நாளைக்கே முடிஞ்சிடும். அடுத்தாப்ல வடலூர்ல வேலை இருக்குது."

நான்தான் ஊற வைக்கவில்லை என்று சொன்னால் இன்னும் ரெண்டு நாள் கிடைக்கும். சௌந்தரம் ஆறிய டீயைச் சுட வைக்கப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் சீலிங் வழவழவென்று வெளுத்திருந்தது. பம்பை எடுக்க உள்ளறைக்கு வந்த மலர்க்கொடி குனிந்து தூக்கினாள். கனத்தது. சௌந்தரத்தை ஒரு பார்வை பார்த்தாள். கொல்லைக்குப் போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"வேற ரூமு எதனா இருக்குதாக்கா?"

"இந்த ரூமு இருக்கு" என்றாள் சௌந்தரம் சட்டென்று. "இதுவும் சொரசொரன்னுதான் இருக்கு."

மலர்க்கொடி சுவரைப் பார்க்கவில்லை. "பாத்து வைங்க. வடலூர் முடிஞ்சதும் வர்றம்."

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. இந்த உள்ளறை, கயல்விழி கல்யாணத்துக்கே பட்டி பார்த்து பெயின்ட் அடித்த அறை. சௌந்தரம் சுவரில் உள்ளங்கையை வைத்து, மூலையிலிருந்து ஜன்னல் வரை தடவிக்கொண்டே போனாள். எங்கும் சொரசொரப்பு கையில் தட்டவில்லை. கட்டில்மேல் ஏறி நின்று, இன்னும் உயரத்தில் தடவினாள்.