முந்நூறு கிலோவுக்கான ஸ்பிரிங்

முதல் கியருக்கு இறக்கி, கிளட்சைப் பாதி விட்டு, அடுத்த பள்ளத்தை ஓரமாகத்தான் தொட்டார் அண்ணன். தொட்டதற்கே ஜீப்பின் பின்பக்கம் எழும்பி விழுந்தது. பின்னால் மெத்தையில், மனைவியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டான். அதில் வார்த்தை எதுவும் இல்லை. ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டுப் போனவர்கள் தார் கொண்டுவர மறந்து பதினாலு மாதம் ஆகிறது. அவர்கள் வீட்டில் யாருக்கும் எலும்பில் வியாதி வரவில்லை போலிருக்கிறது.

முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் அண்ணன். பின்சீட்டில் தூங்குகிற பிள்ளையைத் தூக்கம் கலையாமல் வீட்டு வாசலில் இறக்குவார் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரெல்லாம் இந்த நாலு கிலோமீட்டர் ஜல்லியில் காற்றோடு போயிற்று. தம்பி மனைவி பின்னாலிருந்து மெதுவாகப் போகச் சொன்னாள். இதற்கும் மெதுவாகப் போனால் வண்டி நின்றுவிடும் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

குற்றத்தில் பாதி ரோட்டுடையது, பாதி ஸ்பிரிங்குடையது. அந்த ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கியவர் அண்ணன்.

தம்பி வெல்டர். ஜீப்பின் பின்னால் ஜெனரேட்டரும் வெல்டிங் செட்டும் ஏற்றிக்கொண்டு, பாதையே இல்லாத தோட்டங்களுக்குப் போய்ப் பம்பு, குழாய், கேட்டு என்று உடைந்ததையெல்லாம் ஒட்டவைத்துவிட்டு வருவான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அதற்காகத்தான். பழைய ஸ்பிரிங் பட்டைகள் பாரம் சுமந்து சுமந்து வளைவே போய்ப் பலகை மாதிரி ஆகிவிட்டிருந்தன. ஓடையில் இறங்கினால் வண்டியின் வயிறு கல்லில் உரசும். இரண்டு அங்குலம் தூக்கிப் புது ஸ்பிரிங்கும் குலுக்கலை அடக்குகிற புது ஷாக்கும் போடவேண்டும் என்று ஐந்து வருஷமாக அவன் பாடிக்கொண்டிருந்தான். கடைசியில் நோய் வந்து, செட்டை இறக்கிக் கொட்டகையில் வைத்த பிறகுதான் ஒரு பட்டை முறிந்தது. பத்து வாரத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் ஸ்பிரிங் கடைக்குப் போனார்கள்.

அதற்கு முந்தின நாள்தான் டாக்டர் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டிருந்தார். முதுகெலும்பு வரைக்கும் வந்துவிட்டது, மூன்று மாதம் என்றார். அண்ணன் வெளியே வந்து தம்பி மனைவியிடம் குணமாகக் கொஞ்ச நாளாகும் என்றார். தம்பியிடம் எல்லாம் சரியாகிவிடும் என்றார். இரண்டையும் முகம் மாறாமல் சொன்னார். பிறகு தெருமுனைக்குப் போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

ஸ்பிரிங் கடைக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன வண்டி என்பதை அப்புறம்தான் கேட்பார். வண்டியில் எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்பார். பெண் கொடுக்கிற வீட்டுக்காரர்கூட அவ்வளவு துருவமாட்டார். பாரத்துக்குக் குறைவான ஸ்பிரிங் போட்டால் வண்டி உட்கார்ந்துவிடும், மீறிப் போட்டால் காலி வண்டி உதைக்கும் என்பது அவர் கணக்கு. மூன்று ரகம் எடுத்துத் தரையில் போட்டார். ஆள் மட்டும் ஏறுகிற வண்டிக்கு மெல்லியது, நூற்றைம்பது கிலோவுக்கு நடுத்தரம், முந்நூறுக்குக் கனமானது. மூன்றுமே வண்டியை இரண்டு அங்குலம் தூக்கும். ஷாக்கையும் அதனதன் ஜோடியாகத்தான் போடவேண்டும், கனத்த ஸ்பிரிங்குக்கு மெல்லிய ஷாக் போட்டால் வண்டி தவளையாகிவிடும் என்றார்.

தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே குனிந்து கனத்த பட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"வெல்டிங் செட்டு திரும்ப ஏறுமா?" என்று கேட்டார் கடைக்காரர். சட்டைக்குள்ளே ஆளைத் தேடவேண்டியிருந்த தம்பியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அண்ணனிடம்தான் கேட்டார்.

தம்பியும் அண்ணனைப் பார்த்தான்.

அண்ணன் தரையில் கிடந்த மூன்று ரகத்தையும் பார்த்தார். மெல்லியதைக் காட்டினால் டாக்டர் சொன்னதைக் கடையில் நின்று உரக்கச் சொன்ன மாதிரிதான். சின்ன வயதிலிருந்து தம்பி கேட்ட எதற்கும் அவர் சரி என்று சொன்னதில்லை. பட்டறை வைக்கிறேன் என்றபோது நீ கிழித்தாய் என்றார். ஜீப் வாங்குகிறேன் என்றபோது மூஞ்சியைப் பார் என்றார். ஒருநாளும் வராத சரி அன்றைக்கு வந்தது.

"ஏறும். ரெண்டு மாசத்துல ஏறிடும். முந்நூறு கிலோவுக்கே குடுங்க."

"நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

"அதான் சொல்றேன்ல."

தம்பி சிரித்தான். "எங்கண்ணன் வாயிலேருந்து சரின்னு வந்திருக்கு. தேதியை எழுதி வச்சுக்குங்க" என்றான். கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அன்று மத்தியானம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தம்பி மனைவி அதைப் பெருமையாக வந்து சொன்னபோது, தான் செய்தது சரிதான் என்று அண்ணன் நம்பினார்.

ஜீப் ஜம்மென்று உயர்ந்து நின்றது. மறுநாளிலிருந்து உதைக்க ஆரம்பித்தது. வாரம் ஒரு தடவை வலி ஊசிக்குப் பதினோரு கிலோமீட்டர் போகவேண்டும், ஆம்புலன்ஸோ மெயின் ரோட்டைத் தாண்டி வராது. மூன்றாவது வாரம் தம்பியே வழி சொன்னான். செட்டை ஏற்றிவிட்டால் வண்டி அமுங்கும் என்றான். அண்ணனுக்குத் தெரியாத விஷயமா? ஆனால் நாலு பேர் அதைத் தூக்கி ஏற்றுவதையும், பிறகு ஒருநாள் அவன் இல்லாமல் அதை இறக்குவதையும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "நீ எழுந்திரிச்சு நீயே ஏத்துடா, உன் சாமானை நான் ஏன் சுமக்கணும்" என்று கேலியாகத் தட்டிக்கழித்தார். தம்பி அப்புறம் கேட்கவில்லை. மணல் மூட்டை போடலாம் என்றால், செட்டு இருக்கும்போது மணல் எதற்கு என்று கேட்பான். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். முதல் பொய்யிலேயே அண்ணன் ஓய்ந்துபோயிருந்தார்.

எட்டாவது வாரம் தம்பி வர மறுத்தான். வியாதியின் வலியைப் பொறுத்துக்கொள்கிறேன், ஊசிக்குப் போகிற வலி வேண்டாம் என்றான். இரண்டு வாரம் ஊசியில்லாமல் கிடந்தான். இன்று காலை மூச்சு வேறு மாதிரி இழுக்கவும், அவனைக் கேட்காமலே மெத்தையோடு தூக்கி ஏற்றியிருந்தார்கள்.

உடைந்த சிறுபாலம் வந்தது. பின்சக்கரம் ஏறி இறங்கியபோது இந்தத் தடவை சத்தம் வரவில்லை. அது அண்ணனைப் பயமுறுத்தியது.

"நிறுத்துண்ணே."

நிறுத்தினார். எஞ்சினையும் அணைத்தார். அவசரமாக இறங்கிப் பின்னால் போனார். தம்பியின் முகம் முழுக்க வேர்வை. கண் திறந்திருந்தது.

"நின்னா நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

தம்பி மனைவி கவலையோடு அண்ணனைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது. அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கதவு விளிம்பில் உட்கார்ந்து தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் பம்பு ஓடியது. சொல்லிவிடவேண்டும், இப்போதாவது சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தார்.

"டேய், அன்னைக்குக் கடையில நான்..."

"மாமா" என்றாள் தம்பி மனைவி. தம்பியின் நெற்றியில் இருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

பாதம் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அண்ணன் அதை விடவில்லை. சொல்ல வந்த மீதி வாய்க்குள்ளேயே இருந்தது. இனி அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெகுநேரம் ஜீப் நிற்பதைப் பார்த்துவிட்டு அந்தத் தோட்டக்காரர் வந்தார். போன வருஷம் தம்பியிடம் பம்பு ஒட்டவைத்தவர். எட்டிப் பார்த்தவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குரல் கொடுத்து வேலையாட்கள் மூன்று பேரை வரவழைத்தார். வீடு வரைக்கும் வருகிறோம், தனியாகக் கொண்டுபோகவேண்டாம் என்றார். பக்கத்துக்கு இரண்டு பேராக நாலு பேரும் பின்னால் ஏறி, மெத்தை நகராமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அண்ணன் வண்டியைத் திருப்பினார். சிறுபாலம் வந்ததும் பழக்கத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டார். பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. ஜீப் லேசாக அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான். அடுத்த பள்ளமும் அப்படியே. ஸ்பிரிங் தனக்குச் சொல்லப்பட்ட சுமையைக் கண்டுகொண்டது. ஜல்லியில் தண்ணீர் மேல் போவதுபோல் போயிற்று வண்டி. அண்ணனுக்கு வண்டியை அங்கேயே விட்டு இறங்கி ஓடவேண்டும்போல் இருந்தது.

"இப்ப ஆடவே இல்லையே, மாமா" என்றாள் தம்பி மனைவி. அழுது முடித்த குரல்கூட இல்லை, இன்னும் அழ ஆரம்பிக்காத குரல். "போகும்போதே நாலு பேரை ஏத்தியிருக்கலாம்."

அண்ணன் முதல் கியரிலேயே ஓட்டினார். இனிமேல் மெதுவாகப் போக வேண்டாம், ஒன்றும் குலுங்கவில்லை என்று தோட்டக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்குப் பிறகும் அண்ணன் கியரை மாற்றவில்லை.

வீட்டு வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அண்ணன் இறங்கிப் பின்னால் வந்து கதவைத் திறந்துவிட்டார். முதலில் தோட்டக்காரர் குதித்தார். வண்டி கொஞ்சம் எழுந்தது. ஒவ்வொருவராக மற்ற மூன்று பேரும் இறங்க இறங்க, சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. தம்பி மனைவியைக் கைபிடித்து இறக்கினார்கள். இன்னும் கொஞ்சம் எழுந்தது. பிறகு நாலு பேரும் மெத்தையின் நாலு மூலையைப் பிடித்து, தம்பியை மெல்ல இழுத்து வெளியே எடுத்தார்கள்.

அண்ணன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி அசையவே இல்லை.