வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவன்

என் நெஞ்சுக்குள் கம்பி விடுவதை ஒரு மண்டபம் நிறைய டாக்டர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று மகள் சொன்னபோது, நான் என்ன சர்க்கஸ் கரடியா என்று கேட்டேன்.

"சர்க்கஸ் கரடிக்கு யாரும் ஆஞ்சியோ பண்ண மாட்டாங்கப்பா," என்றாள். "சும்மா கையெழுத்துப் போடுங்க."

இதயத்துக்குப் போகிற பெரிய குழாய் ஒன்று கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. நாலு படி ஏறினால் யாரோ மார்பில் முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரி வரிசையோ அனுமார் வால். என் முறை வரும்போது நான் இருப்பேனா என்று எனக்கே சந்தேகம். அந்த நேரத்தில்தான் டாக்டர்கள் சங்கம் ஒரு வகுப்பு வைத்தது. பட்டம் வாங்கிய டாக்டர்களும் வருஷா வருஷம் படித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். எங்கள் டாக்டர் உள்ளே செய்வார், பக்கத்துக் கட்டிடத்தில் பெரிய திரையில் மற்றவர்கள் பார்ப்பார்கள், பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள். ஒத்துக்கொண்டால் இந்த வாரமே முடிந்துவிடும்.

"இதுக்கெல்லாம் யார் செலவு?" என்றேன். ஓசியில் எனக்கு யாரும் பச்சைத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

"ஸ்டென்ட் செய்யற கம்பெனி."

ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் வைக்கிற சின்ன வலை. அதைச் செய்து விற்கிறவனே அதை வைப்பது எப்படி என்ற வகுப்புக்கும் செலவு செய்கிறான். நான் பஸ் பணிமனையில் காலம் தள்ளியவன். எண்ணெய்க் கம்பெனிக்காரன் எங்களுக்கும் வகுப்பு நடத்துவான், தடபுடலாகச் சாப்பாடு போடுவான். மறுநாள் என் மச்சான் எந்த பஸ்ஸைத் திறந்தாலும், "எண்ணெய் கறுத்துப்போச்சு மச்சான், மாத்திடணும்" என்பான். கறுத்தது எண்ணெயா உன் கண்ணா என்று கேட்பேன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு நிஜமாகவே கறுப்பாகத் தெரிந்தது. அதுதான் பயம்.

வகுப்பை நடத்துகிற அம்மாள் கையெழுத்து வாங்க வந்தாள். சங்கத்து அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பேசுகிறவள்.

"பெரியவரே, பணம் அவங்க தர்றாங்க. ஆனா சங்கத்துக்குத்தான் தர்றாங்க. யார் பாடம் எடுக்கணும், என்ன சொல்லணும், உங்களுக்கு எதை வைக்கணும், எதுலயும் அவங்க வாய் வைக்கக்கூடாது. அவங்க ஆளுங்க வெளிய தாழ்வாரத்துல மேஜை போட்டு உக்காந்திருப்பாங்க. வகுப்பு நடக்கற இடத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது. அது விதி."

"விதி செவுத்துல தொங்கும்மா. ஆளு உள்ள வந்துடுவான்."

"வந்தா என்னைக் கேளுங்க," என்றாள்.

வாசல் வரை போனவள் திரும்பி, "நிஜமாத்தான் சொல்றேன்," என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். மூச்சு முட்டுகிறவனுக்கு முறுக்கிக்கொள்ள வசதி ஏது?

அதே நாள் கம்பெனிக்காரன் கட்டிலுக்கே வந்துவிட்டான். இளநீலச் சட்டை, வழவழவென்று தாடை. அவன் வருவதற்கு முன்னாலேயே அவன் வாசனை வந்தது. பூக்கடையும் சாராயக்கடையும் ஒன்றாகத் தீப்பிடித்த மாதிரி. அந்த நிமிஷமே அவனுக்குச் செண்டு என்று பெயர் வைத்துவிட்டேன்.

"எப்படி இருக்கீங்கப்பா? பயப்படாதீங்கப்பா. எங்க புது ஸ்டென்ட் தங்கம்பா."

எனக்கு இருப்பது ஒரே மகள். இந்த மகன் எப்போது பிறந்தான் என்று தெரியவில்லை. "தங்கம்னா கழுத்துல போட்டுக்கோ," என்றேன். மகள் என் காலைக் கிள்ளினாள்.

மறுநாள் காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அங்கே குளிர் எலும்பைத் தொட்டது. வலது கையைப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். மணிக்கட்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். மயக்கம் கிடையாது. முழு நினைவோடு, கழுத்துவரை துணி மூடி, ஆணியடித்த பல்லி மாதிரிக் கிடந்தேன். தலைக்கு மேல் ஒரு கேமரா. எங்கோ ஒரு ஒலிபெருக்கி கரகரத்தது. பக்கத்துக் கட்டிடத்திலிருந்து யாரோ இருமுவது என் காதுக்கு வந்தது. என் இதயத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவன் சாவகாசமாக இருமுகிறான்.

டாக்டர் என் முகம் பார்த்து, "ஐயா, அசையக்கூடாது. வலிச்சா சொல்லுங்க," என்றார். நல்ல குரல்தான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, மண்டபத்திடம்தான் பேசினார். பெரிய அடைப்பைத் திறந்தார். உள்ளே பலூனை ஊதும்போது மார்பு இறுகியது. செத்தேன் என்று நினைத்தேன். பிறகு விட்டது. ஒலிபெருக்கியில் கைதட்டல். அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

மூச்சை உள்ளே இழுத்தபோது அந்த வாசனை வந்தது.

பூக்கடை, சாராயக்கடை, தீ. என் தலைமாட்டுக்குப் பின்னால், துணிக்கு அந்தப்பக்கம். என்னால் திரும்ப முடியாது.

"பக்கத்துக் குழாயிலயும் பாதி அடைப்பு இருக்கு," என்று டாக்டர் மண்டபத்துக்குச் சொன்னார். "இதுக்கு ஸ்டென்ட் தேவையா இல்லையான்னு ரத்த ஓட்டத்த அளந்து பாத்துத்தான் சொல்லணும்."

"சார்," என்று ஒரு குரல், தாழ்வாக. செண்டுவின் குரல். "அளக்க நேரம் ஆகும் சார். ஹால்ல எல்லாரும் புது ஸ்டென்ட்டத்தான் எதிர்பார்க்கறாங்க. பிரிச்சு ரெடியா வெச்சுட்டேன்."

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என் ஈரக்குலையை உருவியது. வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யோசித்தார். என் மச்சான் எண்ணெயை விரலால் தொட்டுப் பார்த்து யோசிப்பானே, அந்த மாதிரி. துணி சரசரத்தது. எதையோ கையில் வாங்குகிறார்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன். "வகுப்பம்மா! அந்த ஆளு உள்ள இருக்கான்! செண்டு அடிக்குது!"

ஒலிபெருக்கியில் சிரிப்பு. கிழவனுக்கு மருந்து ஏறிவிட்டது என்று ஒருவர் சொன்னது நன்றாகக் கேட்டது. நான் மறுபடி கத்தினேன். நர்ஸ் என் தோளை அழுத்தினாள். பிறகு அந்த அம்மாள் குரல் வந்தது.

"டாக்டர், கம்பெனி ஆளு யாராவது உள்ள இருக்காங்களா?"

"இருக்கார்," என்றார் டாக்டர். "புதுப் பொருள், நர்ஸுக்குப் பழக்கமில்ல, எடுத்துக் குடுக்கறதுக்காக…"

"வெளிய அனுப்புங்க. நான் இங்க எல்லாத்தையும் நிறுத்தறேன்."

கதவு திறந்து மூடியது. ஒலிபெருக்கி செத்துப்போனது. மண்டபமும் இல்லை, இருமலும் இல்லை. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. என் இதயத்துக்குள் கம்பி விட்டிருக்கிற டாக்டரை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். கம்பியின் மறுமுனை அவர் விரலில். ஒரு சின்ன அசைவு போதும். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும்போது மேலே இருக்கிறவனோடு சண்டை போடாதே என்பார்கள் பணிமனையில். போட்டுவிட்டேன்.

"ஐயா," என்றார் டாக்டர். "பயந்துட்டீங்களா?"

"ஆமா சாமி."

"நானும்தான்."

கொஞ்சம் தைரியம் வந்தது. "இப்ப யாரும் பாக்கல. சொல்லுங்க. அந்தக் குழாய்க்கு வெக்கணுமா?"

அவர் திரையைப் பார்த்தபடி நின்றார். "அஞ்சு நிமிஷம் முன்னாடி கேட்டிருந்தா வெக்கணும்னு சொல்லியிருப்பேன். இப்பத் தெரியல. அளக்கணும்." பிறகு மெதுவாக, "அளக்கற கம்பியும் அந்த ஆளு பைலதான் போச்சு. கூப்பிடட்டுமா?"

அந்த வாசனை மறுபடி உள்ளே வருவதை நினைத்தேன்.

"வேணாம்."

"அடைப்பு மோசமா இருந்தா?"

"வேணாம் சாமி. வேற நாள் வரேன்."

வரிசையில் தேதி போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதம்.

அந்த மாதத்தை நான் வாழ்ந்தேன் என்று சொல்ல முடியாது. காத்துக் கிடந்தேன். இடது பக்கம் எறும்பு கடித்தாலும் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். தும்மப் பயம், குனியப் பயம். பஸ்ஸில் யாராவது வாசனை பூசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வேன். ஒருவேளை அவன் சொன்னதுதான் சரியோ, வீம்புக்கு உயிரை அடகு வைத்துவிட்டேனோ?

மகள் ஒரு நாள் வெடித்தாள். "வந்த சனியனை உதைச்சு விரட்டினீங்க, சரி. கம்பியை வாங்கி வெச்சுக்கிட்டு விரட்டியிருக்கக் கூடாதா?"

தேதி போட்ட சீட்டை எடுத்து மறுபடி பார்த்தேன்.

அந்தத் தேதியும் வந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது தாழ்வாரத்தில் செண்டு உட்கார்ந்திருந்தான், மடியில் அளக்கிற கம்பிப் பெட்டியோடு. மூக்கு முன்னாலேயே சொல்லிவிட்டது.

"உங்களால எனக்கு மெமோ குடுத்துட்டாங்கப்பா," என்றான். அப்போதும் சிரித்தான்.

"நான் என்ன உன்னை உள்ள வான்னா கூப்பிட்டேன்?"

டாக்டர் வாசலுக்கு வந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். நன்றி என்றார். கதவைச் சாத்தினார்.

கேமரா இல்லை. மணிக்கட்டு மரத்தது. கம்பி உள்ளே போனது. நான் கண்ணை மூடி மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஸ்பிரிட் வாடை மட்டும். டாக்டர் ஒரு தடவை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"ஐயா, வெக்கணும்."

"அப்ப அன்னிக்கே அந்த ஆளு சொன்னது…"

"சரியாத்தான் சொல்லியிருக்கார்."

"அன்னிக்கே வெச்சிருந்தா இந்த ஒரு மாசம்…"

"வெச்சிருப்பேன். தெரியாம வெச்சிருப்பேன்," என்றார். "எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டு."

"இப்ப வெக்கப்போறது யாருது?"

"அவங்களோடதுதான். இந்த வளைவுக்கு அதுதான் பொருந்துது. வேண்டாம்னா சொல்லுங்க, வேற பாக்கறேன்."

"அளந்தது நீங்கதானே?"

"நான்தான்."

"வேற யாரும் சொல்லலியே?"

"இங்க வேற யாரு இருக்கா?"

நர்ஸ் மட்டும் இருந்தாள். என் இதயத் துடிப்பைத் திரையில் காட்டுகிற கருவி வேக வேகமாகக் கத்தியது. போன தடவை பயப்பட ஒரு ஆள் இருந்தான். இந்தத் தடவை என் குழாயைத் தவிர யாரும் இல்லை.

"சரி, வைங்க," என்றேன். அவர் கையை எடுத்தபோது, "ஒரு நிமிஷம் சாமி," என்றேன். "கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு."

"இன்னொரு தடவை பாத்துடச் சொல்லுங்க."

நர்ஸ் போய்ப் பார்த்தாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.