பெல்ட் பக்கத்துப் பேரிங்

காலை ஆறு மணிக்கு ஐஸ் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் கதிரவேல் சட்டையைக்கூடக் கழற்ற மாட்டார். முதலில் கிரீஸ் பம்பை எடுத்துக்கொண்டு கொம்பிரசர் அறைக்குப் போவார். கொம்பிரசரை ஓட்டுகிற பெரிய மோட்டாரின் பெல்ட் பக்கத்துப் பேரிங்குக்கு மூன்று தரம் அழுத்துவார், மறுபக்கத்துக்கு இரண்டு தரம். பிறகு நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை மோட்டாரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். உள்ளே இரைச்சல் சீராக இருந்தால் தேத்தண்ணீர் குடிக்கப் போவார். இருபத்தாறு வருடமாக இதுதான் நடந்தது.

தொழிற்சாலை மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்புறம் இருந்தது. நாலு நாள், அஞ்சு நாள் கடலில் நிற்கிற படகுகள் இங்கிருந்துதான் ஐஸ் ஏற்றும். கொம்பிரசர் இரண்டு. அதில் ஒன்று பழுதுபார்க்கச் சாமான் வரவில்லை என்று ஒரு வருடமாகச் சும்மா கிடந்தது. மற்றது இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடியது. அங்கே மெக்கானிக்காக இருந்த கதிரவேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. சல்லி என்கிற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். இப்போதெல்லாம் தூங்கி எழுந்தாலும் தீராத ஓர் அசதி அவர் உடம்பில் இருந்தது. கொம்பிரசர் அறையின் கதவைத் தள்ளும்போது தானும் அந்த மெஷினும் ஒரே நிலையில்தான் இருக்கிறோம் என்று சில நாட்களில் நினைப்பார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருடம் பழைய மோட்டாரை மாற்றிய பிறகு மனேஜர் பிரசாந்தினி சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். உப்புவெளிப் பிள்ளை, படித்தவள், புதிய மோட்டாரோடு வந்த புத்தகத்தை முழுதாக வாசித்தவள் அந்தத் தொழிற்சாலையில் அவள் ஒருத்திதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அளந்து, கொஞ்சமாகக் கிரீஸ் அடித்தால் போதும் என்று அதில் போட்டிருந்தது. அந்த வேலையையும், முடித்த நாளில் அட்டையில் சரி போடுவதையும் பகல் ஒப்பரேட்டர் றிகாஸிடம் கொடுத்தாள்.

"இனி நீங்கள் மோட்டாருக்குக் கிரீஸ் அடிக்கத் தேவையில்லை, அண்ணன். றிகாஸ் பாத்துக்கொள்ளுவார்."

"ஓம் மிஸ்" என்றார் கதிரவேல்.

மறுநாள் காலையும் பம்பை எடுத்தார். அவளை மீற வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. முன்பிருந்த பழைய மோட்டார் நாள் தவறாமல் கிரீஸ் கேட்டது, ஒரு நாள் விட்டால் மத்தியானமே கத்தத் தொடங்கும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைக்கு இரண்டு மாதம் என்ற பேச்சு ஏறவில்லை. றிகாஸ் எட்டு மணிக்குத்தான் வருவான். அதற்குள் வேலை முடிந்துவிடும், யாருக்கும் தெரியவும் வராது.

பங்குனி பிறந்த பிறகு பெல்ட் பக்கத்தில் மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று கேட்டது. கதிரவேல் மூன்றை ஆறாக்கினார். சத்தம் அடங்கியது. இரண்டு நாளில் திரும்பவும் வந்தது. பத்தாக்கினார். கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் சுட்டது. 'இவன் அட்டையில மட்டும் சரி போடுறான், கிரீஸ் அடிக்கிறதில்லை' என்று அவர் மனதுக்குள் றிகாஸைத் திட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மோட்டார் நின்றது. முதலில் உள்ளே ஏதோ உடைந்து உருளுகிற சத்தம். பிறகு பெல்ட் கருகிய நாற்றமும் புகையும். றிகாஸ் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தான். அறை முழுக்க அமைதி வந்தது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் வெளியே ஐஸ் உடைத்துக்கொண்டு நின்றவர்கள் உள்ளே ஓடி வந்தார்கள்.

அன்று ஐஸுக்கு நின்றவை பதினொரு படகுகள். தொட்டியில் பாதி உறைந்த தண்ணீர் மெதுவாக இளகத் தொடங்கியது. படகுக்காரர்கள் வாசலில் கூடிச் சத்தம் போட்டார்கள். பிரசாந்தினி மோட்டாரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன நடந்தது?"

"பேரிங் போயிட்டுது மிஸ்" என்றார் கதிரவேல். "கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கு. அட்டையில சரி போட்டிருக்கு. பேரிங்குக்குள்ள ஒண்டும் போகயில்லை."

றிகாஸ் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான். முப்பத்தாறு வயதுக்காரன், கிண்ணியா ஆள், ஏழு வருடமாக அவரோடு வேலை செய்கிறவன்.

"நான் அடிச்சன் மிஸ். அல்லாஹ்வுக்குப் பொதுவா, சொன்ன நாளுக்கு, சொன்ன அளவுக்கு அடிச்சன்."

"அடிச்சிருந்தால் ஏன் எரியுது?" என்றார் கதிரவேல்.

றிகாஸ் வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மூடிக்கொண்டான். அவனிடம் பதில் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கொழும்பிலிருந்த முதலாளி தொலைபேசியில் கத்தியது மனேஜர் அறைக் கதவுக்கு வெளியிலும் கேட்டது. மத்தியானத்துக்கு முன்பே றிகாஸ் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினான். நாளைக்கு வரத் தேவையில்லை என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

புதன்கிழமை மோட்டாரைச் சங்கிலி போட்டு இறக்கினார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் கதிரவேல் தனியே இருந்து பெல்ட் பக்கத்து மூடியைக் கழற்றினார். கிரீஸ் இல்லாமல் செத்த பேரிங்கை அவர் எத்தனையோ கண்டிருக்கிறார். உள்ளே காய்ந்து, செம்மண் நிறத்தில் இரும்புத் தூளாகக் கொட்டும். அதைத்தான் எதிர்பார்த்துக் குனிந்தார்.

மூடி நிறையக் கிரீஸ் இருந்தது. விரல் வைக்க இடமில்லாமல் அடைந்து, சூட்டில் கருகித் தார் போல இறுகியிருந்தது. போக இடமில்லாமல் ரப்பர் அடைப்பைத் தள்ளிக்கொண்டு மோட்டாரின் உட்பக்கம் போய்ச் செப்புக் கம்பிச் சுற்றுகளின் மேலும் அப்பிக் கிடந்தது. பழைய கிரீஸ் வெளியேறுவதற்கென்று அடியில் ஒரு சின்ன மூடி உண்டு. அது பச்சைப் பெயின்றுக்குக் கீழே மறைந்து போயிருந்தது. அந்தப் பெயின்றை அடித்ததும் அவர்தான்.

அவர் அப்படியே தரையில் இருந்துவிட்டார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடிக்கிற ஒருவனால் இவ்வளவு கிரீஸை உள்ளே ஏற்ற ஏலாது. குண்டுகள் கிரீஸுக்குள் மூழ்கி, உருள முடியாமல் அதைக் கலக்கிக் கலக்கிச் சூடேறியிருக்கின்றன. சூடு கூடக்கூட அது கத்தியிருக்கிறது. அது கத்தக் கத்த அவர் இன்னும் ஊட்டியிருக்கிறார்.

பக்கத்தில் மண்ணெண்ணெய்த் தட்டும் பிரஷும் தயாராக இருந்தன. பத்து நிமிட வேலை. எல்லாம் கழுவிப்போகும், வெறும் உடைந்த பேரிங் மட்டும் மிஞ்சும். அவர் பிரஷை எடுத்து நனைத்தார். மூடியின் ஒரு ஓரத்தைக் கழுவினார். கறுப்புக் கிரீஸ் கரைந்து, கீழே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அவர் கை நின்றது. றிகாஸ் வாயைத் திறந்து மூடியது நினைவுக்கு வந்தது. பிரஷைத் தட்டில் போட்டுவிட்டு எழும்பினார். 

பிரசாந்தினி தன் கந்தோர் மேசையில் சோற்றுப் பார்சலைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் படகுக்காரன் ஒருவனோடு தொலைபேசியில் மன்றாடிக்கொண்டிருந்தாள். முடியும்வரை அவர் வாசலில் நின்றார்.

"மிஸ், ஒருக்கா வந்து பாருங்கோ."

அவள் வந்து பார்த்தாள். புத்தகம் வாசித்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இது கிரீஸ் கூடிப்போன கேஸ். றிகாஸா?"

"இல்லை. நான். அண்டைக்கு நீங்கள் வேண்டாமெண்டு சொன்ன பிறகும் ஒவ்வொரு நாளும் அடிச்சனான். கடைசியில பத்துத் தரம்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம்."

அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்த கொம்பிரசரின் மேல் சாய்ந்தாள். அவள் முந்தின இரவு தூங்கவில்லை.

"நேற்று அவ்வளவு பேருக்கு முன்னால என்ன சொன்னீங்கள், அண்ணன்?"

"தெரியும் மிஸ்."

"இப்ப நான் முதலாளிக்குச் சொன்னால் உங்களையும் அனுப்பச் சொல்லுவார். பிறகு இந்த மோட்டாரை ஆர் பூட்டுற?" அவள் குரலில் கோபம்கூட முழுதாக வரவில்லை. "முதல்ல இதை ஓட்டுங்கோ. பிறகு கதைப்பம்."

புதுப் பேரிங் வியாழன் காலை கொழும்பு பஸ்ஸில் வந்தது. கம்பிச் சுற்றுகளைத் துடைத்துக் காயவைத்து, பேரிங்கை எண்ணெயில் சூடாக்கித் தண்டில் இறக்கினார். இந்த முறை அவளையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, புத்தகத்தைப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் கிரீஸ் வைத்தார். மிச்சம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தும் மூடியைப் போட்டு இறுக்கினார். வெள்ளி காலை மோட்டார் ஓடியது. சுடவில்லை, கத்தவில்லை. அவர் ஸ்குரூடிரைவரை வைத்துக் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில் ஏறினார்.

றிகாஸின் வீட்டில் அவன் மனைவி சுஹைராதான் கதவைத் திறந்தாள். அவரை அடையாளம் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"இரிங்க" என்று ஒரு கதிரையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். தேத்தண்ணீர் வரவில்லை.

றிகாஸ் வந்து எதிரில் நின்றான். இருக்கவில்லை.

"பிழை என்னுடையது" என்றார் கதிரவேல். "திறந்து பாத்தனான். முழுக்கக் கிரீஸ். நான்தான் ஒவ்வொரு நாளும் அடிச்சனான்."

"எனக்குத் தெரியும்."

கதிரவேல் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அடிக்கப் போகக்குள்ள கிரீஸ் ஏத்துற நிப்பிளில புதுக் கிரீஸ் ஒட்டிக்கொண்டு இரிக்கும். வேற ஆர் விடியவே வாற? ரெண்டு மூணு தரம் சொல்லத்தான் நினைச்சன். எனக்கு முந்தி இருபது வருசம் நிண்ட ஆள், நான் என்னத்தைச் சொல்றது எண்டு விட்டுட்டன்."

"செவ்வாய்க்கிழமையாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பாங்களா? உங்கட வாயால வந்த பிறகு?" அவன் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஏழு வருசம் அண்ணன். ஒரு சோத்துப் பார்சலை ரெண்டா பிச்சுத் திண்டிரிக்கம். என்னைக் கள்ளனெண்டு சொல்ல உங்களுக்கு ஒரு நிமிசமும் எடுக்கல்ல."

 பக்கத்து வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. உள்ளே சுஹைரா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"எனக்கிட்டச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல. எனக்குத்தான் முந்தியே தெரியுமே. ஆருக்கு முன்னால சொன்னீங்களோ, அவங்களுக்கு முன்னால சொல்லுங்க."

சனிக்கிழமை காலை ஐஸ் ஏற்றப் படகுக்காரர்கள் நிறைந்து நின்றார்கள். கதிரவேல் ஐஸ் இறக்குகிற மேடையில் ஏறி நின்று, ஐஸ் உடைக்கிற மெஷினை நிறுத்தச் சொன்னார். மேடையில் ஏறிப் பேசிப் பழக்கமில்லாதவர். 

"மோட்டார் நிண்டது றிகாஸாலை இல்லை. நான் அளவுக்கு மிஞ்சிக் கிரீஸ் அடிச்சதாலை. அண்டைக்கு நான் சொன்னது பிழை."

சிலர் சிரித்தார்கள். ஒருவன், "இருபத்தாறு வருசமா அடிச்ச கைக்கு அளவு தெரியாதோ?" என்று கேட்டான். இன்னொருவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லித் கடலுக்குப் போக முடியாமல் இழந்த மூன்று நாளைப் பற்றிக் கத்தினான். பெரும்பாலானவர்களுக்கு யார் பிழை என்பதில் அக்கறை இல்லை, ஐஸ் கிடைத்தால் போதும். மெஷினைத் திரும்பப் போடச் சொன்னார்கள். அவர் இறங்கினார்.

முதலாளியோடு பிரசாந்தினி இரண்டு நாள் வாதாடினாள். என்ன சொல்லி வென்றாள் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை றிகாஸ் வேலைக்குத் திரும்பினான். கதிரவேலை அனுப்பவில்லை. ஆனால் கொம்பிரசர் அறை இனி அவருக்கில்லை என்றாயிற்று. ஐஸ் அச்சுகளைக் கழுவித் தண்ணீர் நிரப்புகிற பக்கத்துக்கு மாற்றினார்கள்.

"உங்களுக்குக் கவலையா, அண்ணன்?" என்று அவள் கேட்டாள்.

"களைப்பா இருக்கு மிஸ்" என்றார். அது பொய்யில்லை.

முதல் கிழமை றிகாஸ் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் அவன் கொம்பிரசர் அறை வாசலில் இருப்பான், அவர் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பார். மூன்றாம் கிழமை ஒரு நாள், தண்ணீர்க் குழாயின் வால்வு இறுகித் திருப்ப முடியாமல் அவர் தனியே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவன் வந்து ஒரு கை பிடித்தான். வால்வு திரும்பியதும் கொம்பிரசர் அறைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி இரத்தினேஸ்வரி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"றிகாஸ் இப்ப கதைக்கிறாரோ?"

"இன்னும் இல்லை."

"கதைப்பாரோ?"

"தெரியாது" என்றார் கதிரவேல். "கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. வேலைக்கு வாறான்தானே."

கையைக் கழுவிவிட்டுப் பாயில் சரிந்தார். அவள் விளக்கைப் போடுவதற்குள் தூங்கிவிட்டார்.