மேருவுக்குப் போன திருஷ்டிப் பூசணிக்காய்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டை இடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் படிக்கட்டு சரிந்து ஒருத்தனுக்குக் கால் நசுங்கியது. நாலாம் நாள் என் தலைக்கு ஒரு சாண் தள்ளி ஜன்னல் சட்டம் விழுந்தது. இது கண்ணேறுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். இருக்கிறதிலேயே வயசானவன் நான். அதனால் சாம்பல் பூசணி வாங்கி, ஓட்டை போட்டுக் குங்குமத்தை அடைத்து, கட்டடத்தைச் சுற்றி வந்து வாசலில் போட்டு உடைத்தேன். அதுவரைக்கும் சரி. இடம் அசிங்கமாகக் கிடக்கிறதே என்று அதை மண்வெட்டியால் அள்ளி, லோரியில் கல்லோடு கல்லாகக் கொட்டியதுதான் தப்பு.

லோரி யுகேந்திரனுடையது. கட்டட இடிசல் கொட்டுவதற்கென்றே கிள்ளானைத் தாண்டி மேரு பக்கம் ஒரு இடம் இருக்கிறது. கல், மண், சிமெண்டு, ஓடு, அவ்வளவுதான் உள்ளே போகலாம். பலகை, துணி, சாப்பாட்டுச் சாமான் எது கலந்திருந்தாலும் சிவப்பு முத்திரை. மூன்று சிவப்பு விழுந்தால் மூன்று மாதம் லோரி உள்ளே வர முடியாது. நாங்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். யுகேந்திரனுக்கு ஏற்கெனவே இரண்டு. ஒன்று மெத்தைக்கு. மற்றது அவனே தின்றுவிட்டு வீசிய நாசி லெமாக் பொட்டலத்துக்கு. அதனால் வழி முழுக்க, சுத்தமாகப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தான். பார்த்தேன் பார்த்தேன் என்றேன். பூசணிக்காய் என் ஞாபகத்திலேயே இல்லை.

வாசலில் சோதனை பார்ப்பது கார்த்திகா என்ற பெண். ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அங்கிள், இது என்ன?"

"பூசணிக்காய் மேடம்."

"அது தெரியுது. திருஷ்டி கழிச்சதா?"

ஆமாம் என்றேன். ஒரு படி கீழே இறங்கிக்கொண்டாள்.

யுகேந்திரன் முதலில் தங்கச்சி என்று கெஞ்சினான், பிறகு மேடம் என்று கெஞ்சினான். காய்கறியும் சாப்பாட்டுச் சாமான்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். ஆனால் சிவப்புக் குத்துவதற்கும் ஒரு சட்டம் இருந்தது. கலந்த பொருளில் ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டு, எடை பார்த்து, ஃபாரத்தோடு வைக்க வேண்டுமாம். அவள் கையுறையைப் போட்டாள். கழற்றினாள். மறுபடியும் போட்டாள். மேலதிகாரி சிவநேசனைக் கூப்பிட்டாள். அவர் வந்து எட்டிப் பார்த்தார், இது உன் வேலை என்றார், தே தாரே டீ குடிக்கப் போய்விட்டார்.

கடைசியில் யுகேந்திரனையே எடுத்துத் தரச் சொன்னாள்.

"என் லோரிக்குச் சிவப்பு குத்த நானே எடுத்துக் குடுக்கணுமா? அதுவும் கையால? வீட்ல பச்சப்புள்ள இருக்கு மேடம்."

"எனக்கு அடுத்த மாசம் கல்யாணம் லா," என்றாள் அவள்.

பின்னால் ஏழு லோரி நின்று ஹாரன் அடித்தது. கொட்டுவதற்கு முன்னாலேயே லோரிக்காரங்களே பொறுக்கி எடுத்துவிட்டால் சட்டம் ஒன்றும் சொல்லாது என்று அவள் மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

உடைத்தவன் நான்தானே. மண்வெட்டி பிரிக்ஃபீல்ட்ஸில் கிடந்தது. மேலே ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெறும் கையால் இருபத்து மூன்று துண்டு பொறுக்கி, அவள் எட்ட நின்று நீட்டிய பையில் போட்டேன். குங்குமம் பட்ட செங்கல்லையும் எடுக்கச் சொன்னாள்.

"செங்கல்லே செவப்புதானே மேடம், எதுன்னு எடுக்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றாள். பச்சை முத்திரை குத்தினாள். பையை மட்டும் இந்த வாசலுக்குள் வைக்கக்கூடாது, நீங்களே கொண்டுபோய்விடுங்கள் என்றாள்.

யுகேந்திரன் உள்ளே போய்க் கொட்டிவிட்டு வந்தான். பையோடு நான் ரோட்டோரம் நின்றேன். லோரி நின்றது, கதவு திறக்கவில்லை. கண்ணாடி இரண்டு விரல் அளவு இறங்கியது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களாலதான் லோரி பொழச்சுது. அந்தப் பக்கம் பஸ் வரும்."

பஸ்ஸில் நல்ல கூட்டம், இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு அக்கா பையைப் பார்த்து, பூசணி எந்தப் பாசாரில் வாங்கினீர்கள், பிஞ்சாக இருக்கிறதே என்றாள். நான் பதில் சொல்வதற்குள் குங்குமத்தைப் பார்த்துவிட்டாள். அவள் நகர்ந்தாள். விஷயம் கேட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் எழுந்தார், முன் சீட்டும் காலியானது.

கிள்ளான் வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு வந்தேன்.