மூன்றாம் எந்திரத்தின் பாட்டில்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவள் மூன்று சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களோடு தொழிற்சாலையின் கம்ப்ரசர் அறைக்குள் நுழைந்தால், "டாக்டரம்மா ரத்தம் எடுக்க வந்தாச்சு, எல்லாரும் சட்டைக் கையை மடிச்சு விடுங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். வேலை கிட்டத்தட்ட அதுதான். கம்ப்ரசர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எண்ணெய் பிடித்து, எண் எழுதி ஒட்டி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உள்ளே எது தேய்ந்தாலும் அதன் துகள் எண்ணெயில் கலந்துவிடும். எந்திரத்தைத் திறக்காமலே நோய் தெரிந்துவிடும்.

முதல் இரண்டிலும் எண்ணெய்க் குழாய் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. மூன்றாவது சுவரோரம். அதில் பிடிக்க, கொதிக்கும் காற்றுக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஐந்து மாதம் முன்பு அந்தக் குழாய் அவள் முழங்கையைச் சுட்டுவிட்டது. எரிச்சலோடு எழுந்தவள், மூன்றாம் பாட்டிலையும் இரண்டாம் கம்ப்ரசரிலேயே நிரப்பிவிட்டாள். இரண்டும் ஒரே நாளில் வந்தவை, ஒரே எண்ணெய், ஒரே வேலை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இந்த ஒரு தடவை மட்டும் என்றுதான் நினைத்தாள். அடுத்த மாதம் புண் ஆறிவிட்டது. ஆனால் போன தடவை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த மாத அறிக்கையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நேரே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. செம்பும் வெள்ளீயமும் ஏறியிருக்கின்றன. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம்.

போர்மேன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுடைய அத்தான் முன்னால் நின்றார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். இருபது வருடமாக அங்கே பிட்டர். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே. போன வருடம் அந்த இரண்டு எந்திரங்களுக்கும் பேரிங் மாற்றியவர் அவர்தான்.

"என்னய்யா இது? வருஷம்கூட முழுசா ஆகல."

அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ரெண்டு கணக்கும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. சாம்பிளை ஒழுங்கா எடுத்தாங்களா?" என்றார் போர்மேன்.

அவள் பக்கத்திலேயேதான் நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"எடுத்தது என் கொழுந்தியா. வீட்டுல உப்பு டப்பாவுக்கே பேர் எழுதி ஒட்டுற ஆளு. அவ பக்கம் தப்பு இருக்காது சார். இருந்தா என் கையிலதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று போர்மேன் நினைத்திருப்பார். வெட்கம்தான், அவர் நினைத்த வகை இல்லை.

இரண்டாவது இல்லாவிட்டால் பேக்கிங் பிரிவே நின்றுபோகும் என்பதால் மூன்றாவதை முதலில் திறந்தார்கள். காலை முழுக்க நட்டு நட்டாகக் கழற்றினார் அத்தான். அவள் டார்ச் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் இரண்டாம் எந்திரம் முழுச் சுமையில் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் ஒரு சின்ன மாற்றம் கேட்டாலும் அவள் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். மூடி கழன்றதும் சொல்லலாம். சாப்பாட்டு மணி அடித்ததும் சொல்லலாம். மூடி கழன்றது. மணியும் அடித்தது.

பேரிங் துண்டுகளைத் துடைத்துத் துணிமேல் வைத்தார் அத்தான். புதுசு மாதிரி இருந்தன. அளவு பார்த்தார். கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார்.

"என்னய்யா, எத்தனை தடவை அளப்ப? துணியா தைக்கப் போற?" என்றான் எதிரே நின்ற எலக்ட்ரீஷியன்.

அத்தான் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் தேய்த்தார். "எனக்குத் தேய்மானமே தெரியல சார்," என்றார் போர்மேனிடம். குரல் இறங்கியிருந்தது. "கண்ணு போயிடுச்சு போல. இனிமே இந்த வேலையை வேற ஆளுகிட்ட குடுத்துடுங்க." பிறகு அவள் பக்கம் திரும்பி ஒரு துண்டை நீட்டினார். "சின்னக் கண்ணுக்காவது தெரியுதா பாரும்மா."

அவள் அதை வாங்கவில்லை.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு அத்தான். இதுல ஒண்ணும் தேயல. மூணாவது பாட்டில்ல இருந்தது ரெண்டாவது மிஷின் எண்ணெய். பைப் சுடுதுன்னு நான் இதுல எடுக்கவே இல்ல."

அறையில் இருந்த மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எத்தனை மாசமா?" என்றார் போர்மேன்.

"அஞ்சு."

அவர் திட்டவில்லை. ஓடிப்போய் இரண்டாம் எந்திரத்தை நிறுத்தினார். இரைச்சல் இறங்கி, அறை அமைதியானது. அந்த அமைதியில் நிற்பதற்குப் பதில் கன்னத்தில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மாலைக்குள் அதையும் திறந்துவிட்டார்கள். பேரிங்கின் ஒரு ஓரம் உரிந்து செம்பு தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் தண்டே போயிருக்கும். அத்தான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு பக்கமா சாஞ்சு உட்கார்ந்திருக்கு சார். மாட்டினப்ப நான்தான் கவனிக்கல. என் தப்பு. எழுதிக்குங்க."

மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். யாரும் கேட்கக்கூட இல்லை. தான் ஐந்து மாதமும் ஒரு பகலும் எடுத்துக்கொண்டதை இந்த மனிதர் ஒரு மூச்சில் முடித்துவிட்டாரே என்று நினைத்தபோது அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

வாசலில் அத்தான் பைக்கோடு நின்றிருந்தார். தினமும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவார்கள்.

"நீங்க போங்க அத்தான். நான் நடந்து வரேன்."

"எட்டு கிலோமீட்டரா? ஏறு."

ஏறினாள். அவர் உடனே கிளப்பவில்லை.

"பைப் சுடுதுன்னு சொல்லியிருந்தா ஒரு தகரம் வளைச்சு மாட்டியிருப்பேன். அரை மணி நேர வேலை."

அவள் முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"உங்கக்கா இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பா. என் தப்பை நான் சொல்லிடுவேன்," என்றார். "உன்னோடதை நான் சொல்ல மாட்டேன்."

"நான் சொல்றேன்."

"எப்ப?"

"உள்ள நுழைஞ்சதும்," என்றாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.